மஞ்சள் கண்ணோடு கொடுத்த ரத்தம்

மார்ச் 4

கணக்கு,

உன்னைத் தம்பி என்று கூப்பிட இன்று வாய் வரவில்லை. சின்ன வயதில் வைத்த பட்டப்பெயரே போதும். விடாமல் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து விளக்கம் கொடுப்பாய். காகிதத்தில் நீ புக முடியாது. உன் பதிலும் காகிதத்திலேயே வரட்டும்.

கணையத்தில் கட்டி என்று சொன்ன அன்று நான் அழவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். புற்றுநோய்க்காரர்களின் ரத்தத்தைக் கணக்குப் போடுவதுதானே உன் ஆராய்ச்சி. நீ என்ன செய்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் என் வீட்டுக்காரரை, உன் மாமாவைக் கூப்பிட்டு, "ஆறேழு மாசம்தான் மாமா, மனசைத் தேத்திக்கங்க" என்று சொல்லியிருக்கிறாய்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள். மனிதர் அடுப்படிக்கு வந்து எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. "இப்போ எதுக்குங்க இது?" என்றேன். "சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு" என்றார். அப்புறம் சர்க்கரை டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான்தான் தட்டிக் கொடுத்தேன். என் சாவுக்கு என் வீட்டிலேயே நான் துக்கம் விசாரித்தேன்.

இன்னொன்று. நேற்று ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். சிவப்பாக ஒரு கட்டம். "உங்க ஸ்கோர் ரொம்ப மோசமா இருக்கும்மா. இந்த மாதிரி கேஸை, ஆபரேஷன் பண்ணலாமான்னு முடிவு பண்ற சர்ஜன் கூட்டத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்றான். கட்டி வேறெங்கும் பரவவில்லை, எடுத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொன்னதும் அவன்தான். "இந்த ஸ்கோரை யார் கண்டுபிடிச்சாங்க?" என்றேன். உன் பல்கலைக்கழகத்தைச் சொன்னான். உன் துறையைச் சொன்னான்.

நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவள், சங்கத்துச் செயலாளர். காரணம் சொல்லாமல் என்னை வரிசையிலிருந்து எடுத்த முதலாளி இதுவரை கிடையாது. நீ எடுத்திருக்கிறாய். அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஆறுதல் வேண்டாம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் முதலில் சொன்னது தவறு. உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இதைவிட நல்ல காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

கேட்டதற்கு வருகிறேன். ஸ்கோர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. முதலாவது சிஏ 19-9. கணையக் கட்டி ரத்தத்தில் கசியவிடும் பொருள். அது மிகவும் கூடியிருந்தால் கட்டி பெரிதாக இருக்கலாம், அல்லது ஸ்கேனுக்குத் தெரியாமல் பரவியிருக்கலாம். அடுத்தது வெள்ளை அணுக்கள். அதில் ஒரு வகை எந்தத் தகராறுக்கும் முதலில் ஓடி வரும், இன்னொரு வகை கட்டியை அடையாளம் கண்டு தாக்கும். முதல் வகை பெருகி இரண்டாவது குறைந்தால் நல்ல அறிகுறி அல்ல. பிறகு சிஆர்பி. உடம்புக்குள் ஏதோ புகைந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் புரதம். கடைசியாக ஆல்புமின். அது குறைந்தால் உடம்பின் இருப்பு கரைகிறது என்று பொருள்.

நான்கும் கெட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை செய்தும் ஒரு வருடம் தாண்டவில்லை. பகல் முழுக்க மேஜையில் கிடந்து, பிறகு வீட்டுக்கே திரும்பாமல் போனவர்கள் அதில் உண்டு. அந்த வதை யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதைச் செய்தோம். இது இரக்கத்தில் செய்த வேலை, அக்கா.

ஸ்கோர் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும், தனி ஒருத்தியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது. இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறவன். ஆனாலும் உன் எண்கள் நான்குமே ஒரே திசையில் இருக்கின்றன. பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மருந்துச் சிகிச்சை கொடுப்பார்கள், எடுத்துக்கொள். வேலையை விட்டுவிடு. மீதி நேரத்தைக் குடும்பத்தோடு கழி.

தம்பி


மார்ச் 14

டேய் கணக்கு,

மீதி நேரமா? இடைவேளை முடிந்த சினிமாவா நான்? குடும்பம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இவர்களோடு உட்கார்ந்து கழித்தால் நீ சொன்ன ஆறு மாதம் மூன்றாகிவிடும். நான் வேலைக்குப் போகிறேன். பசை காயும் வாடைதான் குமட்டுகிறது. சூப்பர்வைசர் என்னை மெஷினிலிருந்து எடுத்துப் பெட்டி சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றியிருக்கிறான். வாங்க போங்க என்று மரியாதை வேறு. நோய் வந்துதான் அவனிடம் அது கிடைக்கவேண்டியிருக்கிறது.

இரக்கத்தில் செய்த வேலை என்கிறாய். அது இங்கே எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன், தெரிந்துகொள்.

எங்கள் ஆஸ்பத்திரி காசு கேட்காத ஆஸ்பத்திரி. வெளியே பச்சைச் சுவர், ஒரு கால் ஆடுகிற பெஞ்ச். அதில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் மஞ்சள். அலமாரியில் விரித்து மறந்துபோன பேப்பர் மாதிரி. பேக்கரிக்காரர் ஒருவர் இருக்கிறார், மாவு பிசைந்த கை மட்டும்தான் வெளுப்பு. டியூஷன் டீச்சர் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள். காமாலை அரிப்பில் சொறிந்து முழங்கையெல்லாம் புண்.

"நம்ம எல்லாருக்கும் சிவப்புதாங்க. பச்சை வந்த ஆளை யாராவது பார்த்திருக்கீங்களா?" என்றார் பேக்கரிக்காரர்.

"அதோ இருக்கே" என்று டீச்சர் சுவரைக் காட்டினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் சின்ன டாக்டர் எட்டிப் பார்த்தான். சிவப்புக் கட்டத்துக்காரர்கள் சிரிக்கக் கூடாது போலிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு நல்ல காய்ச்சல், பல் தந்தியடிக்கிற குளிர், கண் இரண்டும் மஞ்சள். சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. ஒரு போர்வை கேட்டேன். "முதல்ல ரத்தம் குடுங்கம்மா, அப்புறம் போர்வை" என்றாள் நர்ஸ். நடுங்கிக்கொண்டே கையை நீட்டினேன். பித்தக் குழாயில் அடைப்பு என்று டியூப் வைத்ததெல்லாம் அதற்கப்புறம்தான். டியூப் வைத்தபின் காய்ச்சல் நின்றது, பசித்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணும் வெளுத்தது. மறுபடி யாரும் ரத்தம் எடுக்கவில்லை. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். வாசலில் ஒரு தடவை எடுப்பதோடு சரி. "தூரத்துலேர்ந்து வர்றவங்க, ரெண்டு தடவை அலைய வேண்டாமேன்னுதான்" என்றாள் நர்ஸ். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். போர்வை மட்டும் கடைசிவரை வரவில்லை.

கூட்டம் கூட்டம் என்கிறாயே, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களுக்காவது போர்வை கொடுத்தார்களா?

அக்கா


மார்ச் 19

அக்கா,

போர்வையைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் படித்துவிட்டு எழுந்துபோய் எங்கள் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நீ சுகமில்லாமல் இருக்கிறாய், உன்னிடம் சுற்றி வளைக்கக் கூடாது. நேராகச் சொல்கிறேன்.

பித்தம் அடைத்துக் காமாலை ஏறினால், அந்த அடைப்பினாலேயே சிஏ 19-9 ஏறும். அடைப்பில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தால் முதல் வகை வெள்ளை அணு பெருகும், சிஆர்பி ஏறும். சாப்பாடு இறங்காமல் காய்ச்சலில் கிடந்தால் ஆல்புமின் விழும். நான்கும் ஒன்றாகக் கெடும். உன் ரத்தம் அன்று எவ்வளவு கட்டியைப் பற்றிச் சொன்னது, எவ்வளவு அடைப்பைப் பற்றிச் சொன்னது என்று யாராலும் பிரிக்க முடியாது. நான் பிரித்த மாதிரி மாமாவிடம் பேசினேன்.

எங்கள் தரவெல்லாம் ஒரு கட்டண மருத்துவமனையிலிருந்து வந்தவை. அங்கே வந்த கையோடு டியூப் வைப்பார்கள். காமாலை வடிந்து, காய்ச்சல் நின்ற பிறகுதான் ரத்தம். போர்வையும் கொடுத்திருப்பார்கள். 'காமாலை வடிந்தபின் எடுத்த ரத்தத்துக்கு மட்டும் பொருந்தும்' என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அதை ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளாக மாற்றியபோது அந்த வரி உள்ளே வரவில்லை. சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டோம். எல்லோரும் என்று நாங்கள் நினைத்தது எங்களை மட்டும்தான்.

உங்கள் ஆஸ்பத்திரி சர்ஜன் அம்மாவை ஒரு கருத்தரங்கில் சந்தித்திருக்கிறேன். இன்று போனில் பேசிவிட்டேன். வியாழக்கிழமை உனக்கு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். போய்க் கொடு. மற்றவர்களிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. பொதுவாக மாற்றுவதற்குக் குழு கூட வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். உனக்குக் காத்திருக்க நேரமில்லை.

தம்பி


மார்ச் 23

தம்பி,

வியாழக்கிழமை நான் ரத்தம் கொடுக்கவில்லை. கத்தாமல் படி.

அட்டெண்டர் வந்து பெஞ்சுக்கு எதிரில் நின்று, "அட்டைப்பெட்டிக் கம்பெனி அம்மா யாரு? மேலேருந்து போன் வந்திருக்கு. உங்களுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணுமாம்" என்றான்.

"எங்களுக்கும் உண்டா?" என்றார் பேக்கரிக்காரர்.

"பேர் வந்தவங்களுக்கு மட்டும்தான் பெரியவரே."

டீச்சர் நான் எழுந்து போக வசதியாகக் காலை மடக்கி வழிவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். "உங்களுக்கு யாரோ இருக்காங்க, போங்க" என்று சொல்லியிருந்தால்கூடப் போயிருப்பேன். அந்தக் காலை மடக்கினாள் பார், அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

"எடுத்தா எல்லாருக்கும் எடுங்க. இல்லேன்னா எனக்கும் வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா நீங்க, கொடுக்கறதை வாங்கிக்க மாட்டேங்கறீங்க?"

"எதைப்பா கொடுக்கறே? என் ரத்தத்தைத்தானே கேக்கறே?"

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொன்னேன். உன் கடிதத்தைப் பெஞ்சில் உரக்கப் படித்தேன். "தட்டுல பழைய மாவு ஒட்டியிருக்கும்போதே எடை போட்டிருக்காங்க" என்றார் பேக்கரிக்காரர். அவருக்கு நான் சொன்னதைவிட வேகமாகப் புரிந்தது. டீச்சர் இரண்டு கேள்வி கேட்டாள். ஏற்கெனவே சிவப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கே? அவர்களுக்கு யார் சொல்வது? உனக்குத் தெரியுமா?

வீட்டில் உன் மாமா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "அவங்கல்லாம் யாரு உனக்கு? பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்தா சொந்தமா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் சங்கமா வந்து என்கூட இருக்கும்?" என்றார். எனக்கும் உயிர் வெல்லம்தான். ஒவ்வொரு நாளும் உள்ளே அது வளர்கிறது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் போன் வந்தவளுக்கு ஒரு ரத்தம், போன் வராதவளுக்கு ஒரு ரத்தம் என்றால் அந்தக் காசு வாங்குகிற ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். காமாலையோடு எடுத்த ரத்தத்தில் இந்த ஸ்கோர் செல்லாது என்று உன் பெயரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுது. உங்கள் மென்பொருள் போன எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுது. குழு கூடட்டும், டீ குடிக்கட்டும். நீ எழுது. அதுவரை நான் கையை நீட்டமாட்டேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

இது போனஸ் பேச்சுவார்த்தை இல்லை. மெஷினை நிறுத்தினால் முதலாளி இறங்கி வருவான். கட்டி இறங்கி வராது. அதற்கு நீ செயலாளர் என்று தெரியாது. இந்த வகைக் கட்டியில் ஒரு வாரம் என்பது என்ன என்று நான் வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சமயத்தில் ஒரு வாரத்தில்தான் அறுவை சிகிச்சைக்கு ஆனவர் ஆகாதவராகிறார். நீ வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று மாமா சொல்வது சரி.

நான் எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியுமா? ஸ்கோர் என்னுடையது மட்டுமல்ல, துறையுடையது. மென்பொருள் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது. தனியாக ஒருவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது துரோகம். என் வேலை போகும். போனால் உன் மருந்துக்கு நான் அனுப்ப நினைத்ததும் போகும். தயவுசெய்து போய் ரத்தத்தைக் கொடு. மற்றவர்களுக்குப் பிறகு போராடலாம்.

அதே நாள், மாலை

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

மதியம் துறைத் தலைவரைப் பார்த்தேன். "அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். உங்க அக்கா கேஸ்ங்கறதால நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்றார்.

"ஆமா சார், அக்காங்கறதாலதான் கண்ணுல பட்டுது. படிச்ச தம்பி இல்லாதவங்களுக்கு அடுத்த பதிப்பு வரைக்கும் யார் பார்ப்பாங்க?" என்றேன்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார்.

என் இடத்துக்கு வந்து எழுதினேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கும், மென்பொருள் போன மற்ற எல்லா இடங்களுக்கும். என் பெயர், என் கையெழுத்து. ஏற்கெனவே திருப்பி அனுப்பியவர்களைத் தேடிக் கூப்பிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அந்த டீச்சரிடம் சொல்.

இனி கையை நீட்டு.

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

உன் கடிதம் வந்த மறுநாளே சர்ஜன் அம்மா பெஞ்சுக்கு வந்துவிட்டார். நாற்காலி கொண்டுவரச் சொல்லாமல் பேக்கரிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பெஞ்ச் ஆடியது. கையில் உன் காகிதம். "கூட்டத்துக்கு வந்த கேஸைத்தான் நான் பார்த்தேன். வராத கேஸைப் பத்தி நான் கேக்கவே இல்ல" என்றார். இப்படிப் பேசுகிற மேலதிகாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதற்காக விட்டுவிடவில்லை. சிவப்பு என்று திருப்பி அனுப்பியவர்களைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்களாம். சில போன்களை வேறு யாரோ எடுக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

எல்லோருக்கும் எடுத்தார்கள். இனிமேல் வாசலில் எடுப்பதில்லை, கண் வெளுத்தபின்தான். இரண்டு தடவை வருகிறவர்களுக்குப் பஸ் டிக்கெட் வாங்கித் தரவேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

முடிவு வந்தது. பேக்கரிக்காரருக்கு அறுவை சிகிச்சை, தேதி கொடுத்துவிட்டார்கள். டீச்சருடையது கூட்டத்துக்குப் போகிறது. "மேடம், உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு வெள்ளை அணு அடங்கிவிட்டது. ஆல்புமின் ஏறியிருக்கிறது, சிஆர்பி இறங்கியிருக்கிறது. சிஏ 19-9 மட்டும் நகர மாட்டேன் என்று உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவை அடைப்பின் மேல் பழி போட வழியில்லை. கட்டிதான் பேசுகிறது.

"முன்னாடியே ரத்தம் எடுத்திருந்தா இந்த எண் குறைஞ்சிருக்குமா?" என்று உன் மாமா சர்ஜனிடம் கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றார் அவர். நீயும் இதை நினைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்காராதே. உட்கார்ந்தது நான். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

உடனே கத்தி வைக்கமாட்டார்கள். முதலில் சில மாதம் மருந்து. நடுநடுவே ரத்தம் பார்ப்பார்கள். அந்த எண் நன்றாக இறங்கி, ஸ்கேனும் சரியாக இருந்தால் என் பெயர் மறுபடி கூட்டத்துக்குப் போகும். இறங்காவிட்டால் வேறு மருந்து. "கஷ்டமான மருந்தும்மா, தாங்கிப்பீங்களா?" என்றார். "தாங்கறது என் வேலை, குறைக்கறது உங்க வேலை" என்றேன். சிரித்துவிட்டுத் தேதி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை. கம்பெனியில் லீவுக்கு எழுதிவிட்டேன். வேலையை விடவில்லை, லீவுதான்.

உன்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று உன் மாமா சொன்னார். இந்த முறை நீ அவரிடம் முதலில் சொன்னதை மன்னிக்கிறேன். வேலை முழுசாகப் போனாலும் இங்கே வா, இருக்க இடம் இருக்கிறது. பெட்டி மடிக்கக்கூடத் தெரியாத உனக்கு என்ன வேலை தேடுவது என்பதுதான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வராதே. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுப்பார்களாம். கட்டிக்கு நான் பயப்படவில்லை, டாக்டருக்குப் பயப்படவில்லை. எனக்கு அந்த ஊசிதான் பயம், சின்ன வயதிலிருந்தே. உன் மாமா ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள், உதவமாட்டார். நீ என் பக்கத்தில் நின்று கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். குத்தும்போது ஏதாவது பேசு. எண்ணைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசு.

சங்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது.

அக்கா